முதலில் வாசிக்கச் சொல்லுங்கள்: இசைக் கல்லூரிகள், இசைப்பள்ளிகளின் சேர்க்கைக் குழுவினருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

வணக்கம். வருகிற கல்வியாண்டின் சேர்க்கை நாளன்று பதினான்கு வயது மாணவன் ஒருவன் தவிலோடு உங்கள் முன் வந்து உட்காருவான். பிறவியிலேயே அவனுக்கு இடது முழங்கைக்குக் கீழே கை இல்லை. எந்த ஊர், எந்தப் பள்ளி என்பதை வேண்டுமென்றே இங்கே எழுதாமல் விடுகிறேன். அவன் ஒருவனுக்காக மட்டும் நான் இதை எழுதவில்லை. மாவட்ட அரசு இசைப்பள்ளிகளிலும், சென்னை, மதுரை, கோவை, திருவையாறு ஆகிய ஊர்களில் உள்ள அரசு இசைக் கல்லூரிகளிலும், இசையைப் பாடமாக நடத்தும் தனியார் நிறுவனங்களிலும் தாள வாத்தியப் பிரிவுக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கும் பொறுப்பில் இருக்கும் உங்கள் எல்லோருக்குமாக எழுதுகிறேன். என் வேண்டுகோள் ஒன்றுதான். உடற்குறை உள்ள ஒருவர் வாத்தியத்தோடு உங்கள் முன் வரும்போது, அவருடைய உடலைப் பற்றிய எந்தக் கேள்வியையும் கேட்பதற்கு முன்னால், அவரை வாசிக்கச் சொல்லிக் கடைசி வரை கேளுங்கள்.

இப்படி ஒரு வேண்டுகோளை வைக்க எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்கலாம். நான் முப்பது ஆண்டுகளாக மெல்லிசைக் குழுக்களில் டிரம்ஸ் வாசித்துக் குடும்பத்தைக் காப்பாற்றி வருபவன். இரண்டு வயதில் வந்த இளம்பிள்ளை வாதத்தால் (போலியோவால்) என் வலது கால் சூம்பிப்போனது. இடுப்பிலிருந்து பாதம் வரை காலிப்பர் என்ற தாங்குகருவி அணிந்துதான் நடக்கிறேன். இயல்பாகப் பரவும் போலியோ கிருமியால் பாதிக்கப்பட்ட கடைசி நோயாளி இந்தியாவில் கண்டறியப்பட்டது 2011 ஜனவரியில். 2014 மார்ச் மாதம் நம் நாடு போலியோ இல்லாத நாடாக அறிவிக்கப்பட்டது. அந்தச் செய்தியைத் தொலைக்காட்சியில் கேட்டபோது நான் அழுதேன். என்னைப் போன்ற கால்கள் இனி இந்த மண்ணில் பிறக்கப்போவதில்லை என்ற மகிழ்ச்சி அது. ஆனால் விபத்தும் பிறவிக் குறையும் தசைநோயும் இருக்கும்வரை, உங்கள் வாசலுக்கு ஊன்றுகோலோடும் சக்கர நாற்காலியோடும் குறைந்த விரல்களோடும் பிள்ளைகள் வந்துகொண்டேதான் இருப்பார்கள்.

நானும் அப்படி ஒரு வாசலுக்குப் போனவன்தான். 1993ஆம் ஆண்டு, எனக்குப் பதினேழு வயது. அதற்கு முன் ஆறு ஆண்டுகள் எங்கள் ஊரில் ஒரு வாத்தியாரிடம் மிருதங்கம் பயின்றிருந்தேன். மிருதங்கம் வாசிப்பவர் சம்மணமிட்டு உட்கார்ந்து, வலது பாதத்தின்மேல் வாத்தியத்தைச் சாய்த்து வைத்துக்கொள்வது வழக்கம் என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. என் வலது கால் மடங்காது. அதனால் என் வாத்தியார் தச்சரிடம் சொல்லி, வலக்கை வாசிக்கும் முகமான வலந்தலைப் பக்கத்தைத் தாங்குகிற மாதிரி பிறை வடிவில் குடைந்த ஒரு சின்னத் தாங்கியையும், நான் உட்கார நான்கு விரல் உயரத்தில் ஒரு மணையையும் செய்து வைத்திருந்தார். காலை நீட்டிக்கொண்டு அதில் உட்கார்ந்துதான் ஆதி, ரூபகம், மிச்ர சாபு, கண்ட சாபு ஆகிய தாளங்களைப் படித்தேன். வலந்தலையின் மீட்டு, சாப்பு ஆகிய ஒலிகளும், இடக்கை வாசிக்கும் முகமான தொப்பியின் கும்கி என்ற ஒலியும் அந்த நிலையிலேயே கைவந்தன. தாள வாத்தியம் மட்டும் தனித்து ஒலிக்கும் தனி ஆவர்த்தனத்தில் மோரா, கோர்வை என்ற முத்தாய்ப்புகளை வைத்து முடிக்கும் அளவுக்கு அவர் என்னைத் தயார் செய்திருந்தார்.

தேர்வு அறையில் மூவர் இருந்தார்கள். அவர்களில் எவரையும் கடுமையானவர் என்று என்னால் சொல்ல முடியாது. ஒருவர் என் காலிப்பரைப் பார்த்துவிட்டு, “தரையில் இரண்டு மணி நேரம் உட்கார முடியுமா, தம்பி?” என்று கேட்டார். காலை நீட்டிக்கொண்டு உட்கார முடியும் என்று சொன்னேன். சபையில் பெரியவர்கள் முன்னால் காலை நீட்டிக்கொண்டு உட்காருவது மரியாதையாக இருக்காதே என்றார் இன்னொருவர். வாய்ப்பாட்டுக்கு விண்ணப்பித்தால் பரிசீலிக்கலாம் என்றார் மூன்றாமவர். ஐந்து நிமிடங்களில் வெளியே வந்துவிட்டோம். மிருதங்கத்தின் உறையை நான் அவிழ்க்கவே இல்லை. திரும்பிவரும் பேருந்தில் அப்பா அந்த வாத்தியத்தை மூன்று மணி நேரம் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தையும் பேசாமல் வந்தார். அவர்கள் என்னை வாசிக்கச் சொல்லி, வாசிப்பில் குறை கண்டு அனுப்பியிருந்தால் நான் மறு ஆண்டு திருத்திக்கொண்டு போயிருப்பேன். எதைத் திருத்திக்கொள்வது என்று தெரியாத ஒரு மறுப்பைக் கையில் வாங்கிக்கொண்டு ஒரு பதினேழு வயதுப் பையன் என்ன செய்ய முடியும்? அன்று நடந்ததில் எனக்கு ஆறாத வருத்தம் அது ஒன்றுதான்.

டிரம்ஸுக்கு வந்தது அதற்குப் பிறகு. எங்கள் ஊர் மெல்லிசைக் குழுவில் டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஒரு அண்ணன், திருவிழா மேடைக்குக் கீழே நான் தொடையில் தாளம் போட்டுக்கொண்டு நிற்பதைப் பார்த்து, கச்சேரி முடிந்ததும் மேலே கூப்பிட்டு ஸ்டூலில் உட்காரவைத்தார். டிரம்ஸ் நான்கு கைகால்களையும் வாங்கிக்கொள்ளும் வாத்தியம். வலது கால் பேஸ் டிரம்மின் பெடலை மிதிக்க வேண்டும். இடது கால் ஹை-ஹாட் என்ற இணைச் சிம்பல்களைத் திறந்து மூட வேண்டும். என்னிடம் ஒரு கால்தான் வேலை செய்யும். அந்த அண்ணன் ஒரு வாரம் யோசித்துவிட்டு, பேஸ் டிரம்மைச் சற்று இடப்பக்கம் திருப்பி, பெடலை என் இடது காலுக்குக் கொண்டுவந்தார். ஹை-ஹாட்டை மூடியபடியே திருகி இறுக்கினார். அப்படிச் செய்ததில் ஓர் ஒலி போய்விட்டது. திறந்த ஹை-ஹாட் “ட்சீ” என்று இழுத்து, கால் அழுத்தியதும் சட்டென்று நிற்கும் அந்த ஒலி இல்லாமல் பல பாடல்களின் தாளம் மொட்டையாகக் கேட்கும். அதற்காக, பழைய சிம்பல்கள் இரண்டைச் சற்றே இடைவெளி விட்டு ஒரு கம்பியில் கோத்து வலப்பக்கம் நிறுத்தினோம். இழுக்க வேண்டிய இடத்தில் அதைத் தட்டிவிட்டு, நிறுத்த வேண்டிய இடத்தில் இடது கை விரல்களால் பிடித்துவிடுவேன். அதைப் பிடித்துவிட்டு, ஓர் அட்சரத்தின் (தாள எண்ணிக்கை ஒன்றின்) கால்பங்கு நேரத்துக்குள் ஸ்நேர் டிரம்முக்குத் திரும்பிவரக் கையைப் பழக்க எனக்கு எட்டு மாதங்கள் ஆயின. இன்று ஒலிப்பதிவைக் கேட்பவர் எவரும், அந்த ஒலி காலால் வந்ததா கையால் வந்ததா என்று கேட்டதில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்குக் காரணம் உண்டு. தாளம் எந்த உறுப்பில் இருக்கிறது என்ற கேள்வியை வாழ்நாள் முழுதும் கேட்டுக்கொண்டு வாசிப்பவன் நான். அது உறுப்பில் குடியிருப்பதில்லை என்பது என் அனுபவம். “தகதிமி” போன்ற சொல்கட்டுகளை வாயால் சொல்லி, கையால் தாளம் போட்டு, மனத்துக்குள் கணக்கு நிலைத்த பிறகுதான் நம் ஆசிரியர்கள் மாணவனை வாத்தியத்தில் உட்காரவைக்கிறார்கள். இந்தக் கருத்தை நமக்குச் சொல்லிக்கொடுக்க வெளியிலிருந்து எவரும் வர வேண்டியதில்லை. நம் பாடமுறையே அதன்மேல்தான் எழுந்து நிற்கிறது. அப்படியிருக்க, வாசலில் மட்டும் ஏன் காலையும் கையையும் முதலில் எண்ணுகிறோம்?

அமர்வு, தோரணை, மேடை மரியாதை ஆகியவை மரபின் பகுதிகள் என்ற பதில் வரும் என்று அறிவேன். மரபை மதிப்பவன் என்ற முறையிலேயே இதற்கு விடை சொல்ல விரும்புகிறேன். பழனி சுப்பிரமணிய பிள்ளை இடக்கை வாசிப்பாளர். பாலக்காடு மணி ஐயர், இராமநாதபுரம் சி. எஸ். முருகபூபதி ஆகியோரோடு சேர்த்து அவரை மிருதங்க மும்மூர்த்திகளில் ஒருவராக இன்று போற்றுகிறோம். ஆனால் அவர் காலத்தில் அவருடைய இடக்கை வாசிப்பு மேடையில் ஒரு சிக்கலாகத்தான் பார்க்கப்பட்டது. வலந்தலை சபையை நோக்கி இருக்க வேண்டுமானால் மிருதங்கக்காரரும் வயலின்காரரும் இடம் மாறி உட்கார வேண்டும். அதற்கு இசையாத பக்கவாத்தியக்காரர்கள் இருந்தார்கள். அவருக்கு வாய்ப்புகள் குறைந்தன. அந்த நிலையில் அவரைத் தொடர்ந்து தம் கச்சேரிகளுக்கு அழைத்துத் தாங்கிப்பிடித்தவர் பாடகர் செம்பை வைத்தியநாத பாகவதர். இடக்கைப் பழக்கம் உடற்குறை அல்ல என்பது எனக்குத் தெரியும். அதையும் இதையும் ஒன்றாக்க நான் முயலவில்லை. மேடையின் இருக்கை அமைப்பு ஒரு கலைஞனுக்காக மாற முடியும் என்பதற்கும், மாறியதால் சங்கீதம் எதையும் இழக்கவில்லை என்பதற்கும் நம் வீட்டிலேயே உள்ள சாட்சி அவர். செம்பை தம் மேடையில் செய்ததை நீங்கள் உங்கள் தேர்வு அறையில் செய்யலாம்.

இன்னொரு நாட்டில், இதே போன்ற ஒரு தேர்வு அறையில் நடந்த நிகழ்ச்சியும் உங்களுக்குப் பயன்படும். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த எவலின் கிளெனி தாள வாத்தியக் கலைஞர். சிறு வயதில் தொடங்கிய செவிக்குறை பன்னிரண்டு வயதுக்குள் முற்றி, அவருக்குக் கேட்கும் திறன் பெரும்பாலும் போய்விட்டது. அவருடைய பள்ளி ஆசிரியர் டிம்பனி முரசங்களைச் சுருதி சேர்க்கும்போது, அறைச் சுவரில் கைகளை வைத்து அதிர்வை உணரச் சொன்னார். எந்த ஒலி உடம்பின் எந்த இடத்தில் தங்குகிறது என்று அவர் அப்படிக் கற்றுக்கொண்டார். அதிர்வு பாதத்தில் ஏற வேண்டும் என்பதற்காக இன்றும் வெறுங்காலோடு மேடையில் நிற்கிறார். லண்டன் ராயல் அகாடமி ஆஃப் மியூசிக்கில் சேர அவர் வாசித்துக் காட்டியபோது முதலில் மறுக்கப்பட்டார். அவருடைய வாசிப்பில் குறை இருந்ததால் அவரை மறுக்கவில்லை; செவிக்குறையுள்ள ஓர் இசைக்கலைஞருக்கு என்ன எதிர்காலம் இருக்க முடியும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை என்பதே காரணமாகச் சொல்லப்பட்டது. அவர் அதை ஏற்றுக்கொள்ளாமல் வாதிட்டார். மறுமுறை கேட்டார்கள், சேர்த்துக்கொண்டார்கள். அதன் தொடர்ச்சியாக, விண்ணப்பித்தவர் யாராயிருந்தாலும் அவரை வாசிக்கவைத்துக் கேட்டு, இசைத்திறனை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்ற நிலை பிரிட்டனின் இசைக் கல்வி நிறுவனங்களில் ஏற்பட்டதாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். 2015இல் அவருக்கு சுவீடனின் போலார் இசை விருது வழங்கப்பட்டது. அந்த விருதைவிட அந்த மறுதேர்வுதான் என் நெஞ்சில் நிற்கிறது. அந்த அறையில் இருந்தவர்கள் தங்கள் முதல் முடிவை மாற்றிக்கொள்ளத் தயாராயிருந்தார்கள்.

நம் நாட்டிலும் ஒலியை மட்டும் கேட்டு முடிவு செய்யும் வழக்கம் புதிதில்லை. அகில இந்திய வானொலியில் கலைஞர்களுக்குத் தரம் வழங்கும்போது, வாசித்தவர் யாரென்று அறியாமல் ஒலிப்பதிவைக் கேட்டு மதிப்பிடும் முறை நெடுங்காலமாக இருந்துவருகிறது. அந்தக் காதுகளை உங்கள் தேர்வு அறைக்கும் கொண்டுவாருங்கள் என்றுதான் கேட்கிறேன்.

இப்போது அந்தத் தவில் மாணவனுக்கு வருகிறேன்.

தவிலில் வலந்தலையை வலக்கை விரல்களாலும் தொப்பியை இடக்கையில் பிடித்த கழியாலும் வாசிக்கிறோம். வலக்கை விரல்களுக்குத் துணியும் பசையும் கொண்டு சுற்றிக் காயவைத்த கூடுகளை மாட்டிக்கொள்கிறோம். வெறும் விரலால் அந்த நாதத்தை எழுப்ப முடியாது என்பதால், விரலுக்கும் தோலுக்கும் நடுவே நாம் செய்து வைத்துக்கொண்ட கருவி அந்தக் கூடு. எந்தத் தவில் வித்துவானையும் விரலில் கூடு மாட்டியிருக்கிறார் என்பதற்காக நாம் குறைவாக நினைப்பதில்லை. தவிலையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் வாரால் இழுத்துக் கட்டிய வாத்தியத்துக்கு இன்று இரும்பு வளையமும் திருகாணியும் வந்துவிட்டன. சுருதி நிற்கிறது, வேலை குறைகிறது என்று எல்லோரும் ஏற்றுக்கொண்டோம். கருவியும் கைக்கருவியும் தேவைக்கேற்ப மாறிக்கொண்டே வந்ததுதான் தவிலின் வரலாறு.

அந்தப் பையன் இடது முழங்கையின் முனையில் ஒரு தோலுறை அணிந்திருப்பான். அதில்தான் கழி பொருத்தப்பட்டிருக்கும். அவனுடைய ஆசிரியர் பெரிய வித்துவான். வாசிப்பைச் சொல்லிக்கொடுப்பது அவர். கழியைக் கட்டும் வழியைக் கண்டுபிடிக்கத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். முதலில் கழியை உறையில் இறுக்கமாகக் கட்டிப் பார்த்தோம். ஒலி வந்தது, ஆனால் துள்ளல் இல்லை. கழி தோலில் பட்டதும் தானாக எழும்ப வேண்டும். மணிக்கட்டும் விரல்களும் பிடியைத் தளர்த்தி அதற்கு இடம் கொடுக்கின்றன. மணிக்கட்டு இல்லாதவனுக்கு அந்தத் தளர்ச்சியை எங்கிருந்து கொடுப்பது?

இதே சிக்கலை அமெரிக்காவில் ஜேசன் பார்ன்ஸ் என்ற டிரம்ஸ் கலைஞர் சந்தித்திருக்கிறார். 2012இல் மின்சார விபத்தில் வலது கையின் கீழ்ப்பகுதியை இழந்தவர் அவர். ஜார்ஜியா தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியர் கில் வைன்பெர்க்கின் குழு, எஞ்சிய தசையின் மின்னசைவை உணர்ந்து குச்சியின் துள்ளலைக் கட்டுப்படுத்தும் இயந்திரக் கையை 2014 வாக்கில் அவருக்குச் செய்துகொடுத்தது. அந்தக் குழுவிடம் இருந்த வசதியில் நூறில் ஒரு பங்கும் எங்களிடம் இல்லை. செருப்புத் தைக்கும் ஒரு பெரியவர் உறையைத் தைத்தார். கழிக்கும் உறைக்கும் நடுவே பழைய சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இரண்டு சுற்றுச் சுற்றினோம். ஒரு சுற்று போதவில்லை, மூன்று சுற்றில் கழி தள்ளாடியது. இரண்டு சுற்றில் துள்ளல் வந்தது. அந்த நிமிடம் அவன் முகம் எப்படி இருந்தது என்பதை எழுத என்னிடம் சொல் இல்லை. முதல் காலத்திலும் அதைவிட வேகமான இரண்டாம் காலத்திலும் இன்று அவன் தொப்பி சுத்தமாகப் பேசுகிறது. இன்னும் வேகமான மூன்றாம் காலத்தில் சில சொற்கள் மங்குகின்றன. அதை மறைத்து உங்களிடம் அவனை உயர்த்திச் சொல்ல நான் விரும்பவில்லை. பதினான்கு வயதில் மூன்றாம் காலம் மங்கும் இரண்டு கைப் பிள்ளைகளை நீங்கள் சேர்த்துக்கொண்டுதான் இருக்கிறீர்கள். மூன்று ஆண்டுப் படிப்பு அதற்காகத்தானே இருக்கிறது.

கைகள் இரண்டும் இருந்தால்தான் இந்தத் தொழிலில் நிலைக்க முடியும் என்று நினைப்பவர்களுக்கு டெஃப் லெப்பர்ட் என்ற ஆங்கில ராக் குழுவின் டிரம்ஸ் கலைஞர் ரிக் ஆலனை நினைவூட்டுவது எங்கள் உலகில் வழக்கம். 1984ஆம் ஆண்டின் கடைசி நாளில் ஷெஃபீல்டு அருகே கார் விபத்தில் அவர் இடது கையை இழந்தார். இடது கை வாசிக்க வேண்டியவற்றை இடது காலுக்கு மாற்றி, மின்னணு டிரம்ஸைப் பெடல்களோடு இணைத்து, 1986 ஆகஸ்டில் டானிங்டன் திறந்தவெளி விழாவில் பல்லாயிரம் பேர் முன்னால் வாசித்தார். இந்தக் கதையில் அவருடைய மனவுறுதியைத்தான் எல்லோரும் பேசுகிறார்கள். நான் பேச விரும்புவது அவருடைய குழுவினரைப் பற்றி. அவர்கள் வேறொருவரை அவர் இடத்தில் நிரந்தரமாக அமர்த்திக்கொள்ளவில்லை. அவர் மீண்டும் கற்றுக்கொள்ளும்வரை காத்திருந்தார்கள். கருவியைச் செய்துகொடுக்கப் பொறியாளர்கள் இருந்தார்கள். மனவுறுதி உள்ள பிள்ளைகள் நம் ஊரிலும் ஏராளம். காத்திருக்கும் இடம்தான் இல்லை. அந்த இடமாக இருக்கக்கூடியவர்கள் நீங்கள்.

சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்கும் நான், இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொள்ளாதீர்கள் என்றும் கேட்கிறேன். என் வாழ்க்கையில் மறுப்புக்கு அடுத்தபடியாக என்னை வாட்டியது கைத்தட்டல். ஊன்றுகோலோடு மேடை ஏறும்போதே தட்டத் தொடங்கிவிடுவார்கள். தொகுப்பாளர் என் காலைப் பற்றி நான்கு வாக்கியம் சொல்லுவார். வாசித்து முடித்த பிறகு, இரண்டாவது சரணத்தில் வேகம் சற்றுக் கூடிவிட்டதே என்று எவரும் சொல்ல மாட்டார்கள். அந்த ஒரு வார்த்தைக்காக நான் எத்தனையோ இரவுகள் ஏங்கியிருக்கிறேன். வாசிப்பைக் கேட்டுத் திருத்த ஆளில்லாமல் ஒரு கலைஞன் வளர முடியாது. என்னை வாசிக்கவிடாமல் அனுப்பியவர்களும், வாசிக்கும் முன்பே தட்டியவர்களும் என் தாளத்தைக் கேட்கவில்லை. எனவே, அந்தப் பையனின் வாசிப்பு தரத்தில் குறைந்தால் மதிப்பெண்ணைக் குறையுங்கள். எங்கே குறைந்தது என்று சொல்லி அனுப்புங்கள். அவன் அடுத்த ஆண்டு வருவான்.

இந்த மடல் வெறும் மனிதாபிமான வேண்டுகோளாக மட்டும் நின்றுவிடக் கூடாது என்பதால் சட்டத்தையும் சொல்ல வேண்டியிருக்கிறது. 2007இல் இந்தியா ஏற்றுக்கொண்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 30ஆம் பிரிவு, அவர்கள் தங்கள் கலைத்திறனை வளர்த்துப் பயன்படுத்த வாய்ப்பளிக்க வேண்டும் என்றும், அது அவர்களுடைய நன்மைக்காக மட்டுமன்றிச் சமூகத்தின் வளத்துக்காகவும் வேண்டியது என்றும் கூறுகிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு, மாற்றுத்திறனாளிக் கலைஞர்களுக்கு வசதியும் ஆதரவும் தருவதை அரசின் கடமையாக்குவதோடு, கலை, பண்பாட்டுப் பாடங்களை அவர்கள் பங்கேற்கும் வகையில் மாற்றி வடிவமைக்க வேண்டும் என்றும் வெளிப்படையாகச் சொல்கிறது. அதே சட்டத்தின் 32ஆம் பிரிவு அரசு உயர்கல்வி நிறுவனங்களிலும் அரசு உதவி பெறுபவற்றிலும் ஐந்து விழுக்காட்டுக்குக் குறையாத இடங்களை ஒதுக்குகிறது. 2024 அக்டோபரில், மருத்துவப் படிப்பு தொடர்பான ஒரு வழக்கில், குறைபாட்டின் விழுக்காடு மட்டுமே ஒரு மாணவரைத் தகுதியற்றவராக்கிவிடாது என்றும், அந்தப் படிப்பை அவரால் தொடர முடியுமா என்பதை மதிப்பிட்டே முடிவெடுக்க வேண்டும் என்றும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. மருத்துவத்துக்கே அந்த அளவுகோல் பொருந்தும்போது மிருதங்கத்துக்குப் பொருந்தாமல் போகாது.

நடைமுறையில் நான் கேட்பவை பெரிய செலவு பிடிப்பவை அல்ல. தேர்வு மதிப்பெண் தாளில் அமர்வுக்கும் தோரணைக்கும் என்று தனியாக ஒரு பகுதி இருந்தால், அதை மாற்றுத்திறனாளி மாணவருக்கு விலக்கி, சொற்சுத்தம், காலப்பிரமாணம் (வேகம் பிசகாமை), நாதம், கணக்கு ஆகியவற்றுக்கு மட்டும் மதிப்பிடுங்கள். மணையோ முக்காலியோ தாங்கியோ கட்டுக்கழியோ, மாணவர் தம் உடலுக்கேற்பக் கொண்டுவரும் எதையும் வாத்தியத்தின் பகுதியாகவே கருதுங்கள். வாசிப்பைக் கேட்டு முடித்த பிறகு, “உன்னால் இது முடியுமா?” என்று கேட்பதை விட்டு, “உனக்கு நாங்கள் என்ன ஏற்பாடு செய்து தர வேண்டும்?” என்று கேளுங்கள், அந்தக் கேள்விக்கு எங்களிடம் தெளிவான விடை இருக்கும், ஏனென்றால் எங்கள் உடலோடு நாங்கள் பல ஆண்டுகள் வாழ்ந்திருக்கிறோம். தாள வாத்திய வகுப்பு மாடியில் நடந்தால், அந்த ஓராண்டுக்கு மட்டுமாவது அதைத் தரைத்தளத்துக்கு மாற்றுங்கள். மறுக்க வேண்டியிருந்தால் காரணத்தை எழுத்தில் கொடுங்கள். ஒரு கையால் வாசிக்கும் வாத்தியங்களை உருவாக்கவும் இரவல் கொடுக்கவும் இங்கிலாந்தில் ஓர் அறக்கட்டளையே இயங்குகிறது. நம் இசைக் கல்லூரிகளும் பொறியியல் கல்லூரிகளும் ஒரே ஊரில் அருகருகே இருக்கின்றன. ஒரு தாங்கியையோ ஒரு பெடலையோ செய்து தரும்படி நீங்கள் ஒரு கடிதம் எழுதினால், தங்கள் இறுதியாண்டுத் திட்டப்பணியாகவே அதை எடுத்துக்கொள்ள மாணவர்கள் முன்வருவார்கள் என்று நம்புகிறேன்.

உடலின் வலியைப் பற்றியும் உண்மையைச் சொல்லியாக வேண்டும். இரண்டு கால்களின் வேலையை ஒரு கால் செய்தால் அது சீக்கிரம் தேயும். என் இடது முழங்கால் நாற்பது வயதிலேயே வீங்கத் தொடங்கிவிட்டது. போலியோ வந்தவர்களுக்குப் பல ஆண்டுகளுக்குப் பின் வரும் தசைச்சோர்வும் இப்போது சேர்ந்துகொண்டது. முன்போல் நான்கு மணி நேரக் கச்சேரியை என்னால் ஏற்க முடிவதில்லை. அமெரிக்க ஜாஸ் உலகின் மாபெரும் டிரம்ஸ் கலைஞர்களில் ஒருவரான சிக் வெப்பை நினைத்துக்கொள்வேன். சிறு வயதில் முதுகெலும்பில் வந்த காசநோயால் கூன் விழுந்து, நான்கடி அளவிலேயே வளர்ச்சி நின்றவர். உயர்ந்த மேடையில் உட்கார்ந்து, தனக்கென்று செய்துகொண்ட பெடல்களோடும் வளைந்த சிம்பல் தாங்கிகளோடும் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில் இருந்த சவாய் நடனக்கூடத்தை ஆண்டார். எல்லா ஃபிட்ஸ்ஜெரால்டு என்ற பாடகி உலகுக்குத் தெரியவந்தது அவருடைய குழுவில்தான். கடும் வலியோடு ஓயாமல் வாசித்து 1939இல், தம் 34ஆம் வயதில் இறந்துபோனார். அவர் புகழைச் சொல்லும்போது அந்த வயதையும் சேர்த்தே நான் என் மாணவர்களுக்குச் சொல்கிறேன். எப்போது ஓய்வெடுப்பது, எந்த அமர்வு முதுகைக் கெடுக்கும், எந்தச் சொல்லை எந்தக் கோணத்தில் வாசித்தால் மூட்டு தாங்கும் என்பதை எல்லாம் முறையான பள்ளியில் ஆசிரியர் ஒருவர் கண்காணித்துச் சொல்லிக்கொடுக்க வேண்டும். என்னைப் போல் மேடையிலேயே தட்டுத்தடுமாறிக் கற்றுக்கொண்டவர்கள் அதற்கு உடலால் விலை கொடுத்திருக்கிறோம். பள்ளிக்குள் எங்களுக்கு இடம் வேண்டும் என்று நான் வற்புறுத்துவதற்கு இது முக்கியமான காரணம்.

என் மிருதங்கம் இன்னும் என்னிடம் இருக்கிறது. பலா மரம் அப்படியே உறுதியாக இருக்கிறது. தோல் மூட்டு மாற்றி, வார் மாற்றி, சென்ற மாதம்தான் வலந்தலையின் நடுவே உள்ள கரும்பூச்சான கரணையைப் புதிதாகப் போட்டு வாங்கிவந்தேன். வாத்தியார் செய்துகொடுத்த தாங்கியில் வைத்து இரவில் சிறிது நேரம் வாசிப்பேன். அந்தப் பையன் வரும் நாள்களில் தவிலை ஓரமாக வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து தாளம் போடுவான்.

சேர்க்கை நாளன்று அவன் அம்மாவோடு வருவான். உறையைக் கையில் மாட்டிக் கழியைக் கட்டிக்கொள்ள அவனுக்கு இரண்டு நிமிடம் ஆகும். அந்த நேரத்தை அவனுக்குக் கொடுங்கள். ஆதி தாளத்தில் ஒரு சிறு தனி வாசிக்கத் தயார் செய்துகொண்டிருக்கிறான். அது முடிந்த பிறகு, நீங்கள் கேட்க விரும்பும் எல்லாவற்றையும் அவனிடம் கேளுங்கள்.

பணிவுடன்,
ஒரு டிரம்ஸ் கலைஞர்
திருச்சிராப்பள்ளி